காலம் தாண்டும் காதல்: முதலில் எதைப் பார்ப்பது?

கம்பத்தில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகள், என்ன கோர்ஸ் எடுக்கலாம் என்று கேட்பதில்லை. அது வீட்டில் எப்போதோ முடிவாகிவிடுகிறது. பரீட்சை முடிந்த கையோடு அவர்கள் கேட்பது, "சார், லீவுக்கு எந்த சீரிஸ் பாக்கலாம்?" 'சம்டே ஆர் ஒன் டே' என்ற தைவான் காதல் தொடரைச் சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் கொரியா என்ற பெயருக்காக அதன் ரீமேக்கில் போய் உட்கார்கிறார்கள். மீதிப் பேர், "ரெண்டு மணி நேரத்துல முடியிறதா பாரு" என்று அப்பா போட்ட சட்டத்துக்காக அதன் சினிமாவைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் புரியல சார்" என்று வந்து நிற்கிறார்கள்.

மூலத் தொடர் 2019 நவம்பரில் தொடங்கி 2020 பிப்ரவரியில் முடிந்தது. மொத்தம் 13 அத்தியாயங்கள். விமான விபத்தில் காதலனை இழந்த ஹுவாங் யூ-ஷுவான், பழைய வாக்மேனில் தைவான் பாடகர் வூ பாயின் 'லாஸ்ட் டான்ஸ்' பாட்டைக் கேட்டபடி பஸ்ஸில் கண்ணயர்கிறாள். விழித்தால் 1998. தன் முகமே கொண்ட சென் யுன்-ரூ என்ற பள்ளி மாணவியின் உடம்புக்குள் இருக்கிறாள். இறந்தவனின் அச்சாக ஒரு பையன் எதிரில் நிற்கிறான். இதற்குமேல் சொல்வது பாவம். 2020 கோல்டன் பெல் விருதுகளில் சிறந்த தொடர், சிறந்த நடிகை, சிறந்த திரைக்கதை என மூன்றையும் வாங்கியது. குறைகளும் உண்டு. முதல் இரண்டு அத்தியாயங்கள் மெதுவாகத்தான் நகரும். கதையில் வரும் குற்றவாளி ஏன் அப்படி ஆனான் என்பதற்கான காரணம் அவசரத்தில் வருகிறது. கதையின் காலச் சுழற்சி எங்கே ஆரம்பித்தது என்று நோண்டினால் விடை கிடைக்காது.

இனி ரீமேக். 2023 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'எ டைம் கால்டு யூ', 12 அத்தியாயங்கள். ஆன் ஹியோ-சியோப், ஜியோன் யோ-பீன் இருவரும் நல்ல நடிகர்கள். வூ பாய்க்குப் பதிலாக கொரியப் பாடகர் சியோ ஜி-வொனின் பாட்டை வைத்தார்கள். 1996இல் அவர் இறந்தபின் வெளிவந்த ஆல்பத்தில் உள்ளது அது. நல்ல தேர்வுதான். ஆனாலும் முதலில் அதைப் பார்க்காதீர்கள் என்பேன். மூலத்தில் ஓர் இடம் வரும்: எல்லாருக்கும் யூ-ஷுவானைத்தான் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்ட யுன்-ரூ, யூ-ஷுவானாகவே நடிக்கத் தொடங்குகிறாள். நாயகியாக நடிக்கும் கோ சியா-யென் முகத்தில் சிரிப்பு யூ-ஷுவானுடையது, கண் யுன்-ரூவுடையது. அதுவரை அந்தத் தனிமைப் பிள்ளையோடு நாம் பல மணி நேரம் பழகியிருப்பதால் நெஞ்சு அடைக்கிறது. ரீமேக்கிலோ மின்-ஜு என்ற பெயரில் வரும் அதே பெண்ணோடு பழக நேரமே தரவில்லை. எங்கே அழ வேண்டும் என்று பின்னணி இசை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிறது. நாயகனின் அந்த நீள முடி ஒப்பனை கண்ணை உறுத்துகிறது. எல்லாவற்றையும்விட, முடிச்சு ஒருமுறைதான் அவிழும். மூலத்தைப் பார்த்தபின் ரீமேக்கைப் பார்த்தால் நஷ்டமில்லை. மாற்றிச் செய்தால் மூலத்தின் பாதி போச்சு. கடையில் பாட்டு லிஸ்ட் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறை நான். வாக்மேனும் பாட்டுக் கடையும் வந்தாலே என் தராசு கொஞ்சம் சாயும், ஒத்துக்கொள்கிறேன்.

2022 டிசம்பரில் வந்த சினிமா, தொடரைப் பார்த்தவர்களுக்காக எடுத்தது. பத்து நிமிடத்தில் கதை சொல்லும் யூடியூப் வீடியோக்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பொறுமை இல்லையென்றால் 'இன்று நேற்று நாளை' என்ற தமிழ்க் காலப்பயணப் படத்தைப் பாருங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை. நண்பன் பார்க்கிறான் என்பதற்காக மட்டும் ஒன்றைப் பார்க்காதீர்கள்; உங்களுக்கு எது ஒத்துவரும் என்பது அவனுக்குத் தெரியாது. கூட்டத்தோடு சீரிஸ் பார்க்கும் பழக்கம்தான் கடைசியில் இன்ஜினியரிங் கவுன்சிலிங் வரை கூடவே வருகிறது. பிடிக்காத பாடத்தில் நாலு வருஷம் உட்கார வைக்கிறது. இரண்டு மெதுவான அத்தியாயங்களைத் தாண்டிப் பழகிய பிள்ளை, புரியாத ஒரு பாடத்தையும் இன்னொரு வாரம் விடாமல் பார்க்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரில் உயிரை விடத் துணியும் மனச்சோர்வு வருகிறது. ரிசல்ட் வரும் வாரத்தில் பிள்ளையைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.