பழைய ஸ்விஃப்ட்டுக்கு எந்த சஸ்பென்ஷன்?

என்னிடம் 2008 மாடல் மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது. வளைவுகளில் பாடி அதிகம் சாய்கிறது. மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'தடதட'வென்கிறது. காயில்ஓவர் போடலாமா, லோயரிங் ஸ்பிரிங் போதுமா?
– வாசகர், திருப்பூர்

முதலில் காரை லிஃப்ட்டில் ஏற்றுங்கள். சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்துபோன லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாகத்தான் இருக்கும். புஷ்ஷின் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றை மாற்றாமல் விலை உயர்ந்த கிட் போட்டால் பணம்தான் வீண்.

அடுத்து, டயர். பழையதாகி ரப்பர் இறுகியிருந்தால் எந்த சஸ்பென்ஷனாலும் பிடிமானம் வராது.

அதன்பிறகு, தரமான புது ஷாக் அப்ஸார்பர்களை நான்கு வீல்களுக்கும் மாற்றுங்கள். பாதிக் குறை அதிலேயே தீரும். இன்னும் சாய்வு குறைய வேண்டுமென்றால், அந்த ஷாக் அப்ஸார்பருக்குப் பொருந்தும் ஸ்பிரிங்கை 25 மி.மீ. அளவுக்குள் இறக்கத்துடன் போடலாம். அதற்கு மேல் இறக்காதீர்கள். ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். அதிகம் இறக்கினால் லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்து, ரோல் சென்டர் (வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அது) கீழே போய்விடும். சாய்வைக் குறைக்கப் போட்ட செலவு, சாய்வையே கூட்டிவிடும். ஸ்பிரிங்கை வெட்டுவது கூடவே கூடாது.

தினமும் குடும்பத்தோடு போகும் காருக்குக் காயில்ஓவர் (உயரத்தை மாற்றியமைக்கக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்ஸார்பர் செட்) தேவையில்லை. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம். மாற்றங்களை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.