இயந்திர அறுவடையும் ஊர் மக்களின் வேலையும்

கீழணை, வீராணம் ஏரிப் பாசனத்தை நம்பியுள்ள சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்கள் காவிரியின் கடைமடைப் பகுதிகளாகும். இங்கு சம்பா நெல்லும், அதன்பின் நெல் தரிசில் உளுந்தும் முக்கியப் பயிர்கள்.

முன்னைய நிலை

நாற்றுப் பறிப்பது முதல் நெல் தூற்றுவது வரை எல்லா வேலைகளையும் முன்பு ஊர் ஆட்களே செய்தனர். ஓர் ஏக்கர் நடவுக்கு மட்டும் 15 முதல் 20 பெண்கள் தேவைப்பட்டனர். அறுவடைக் கூலி நெல்லாக அளக்கப்பட்டதால் நிலமில்லாத வீடுகளிலும் நெல் சேர்ந்தது.

மாற்றமும் விளைவும்

தண்ணீர் தாமதமாக வரும் ஆண்டுகளில் விவசாயிகள் நேரடி விதைப்புக்கு மாறினர். அறுவடை இயந்திரம் ஓர் ஏக்கரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது. மழைக்கு முன் நெல்லை வீடு சேர்க்க இது பெரும் உதவியே. ஆனால் பெண்களுக்கு நடவு வேலையும் அறுவடை வேலையும் ஒருசேரக் குறைந்தன. ஆண்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சென்றனர். அங்கே கூலி அதிகம். பண்ணையாரை மட்டும் நம்பியிருந்த நிலையும் மாறியது. 2006இல் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கப்பட்ட முதல் 200 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று.

ஆட்கள் குறைந்ததால் இயந்திரம் வந்தது. இயந்திரம் வந்ததால் மேலும் ஆட்கள் வெளியேறினர். ஆனால் நேரடி விதைப்பு வயலில் களை அதிகம். களையெடுக்கவும் உளுந்து பிடுங்கவும் இன்றும் ஆட்கள் வேண்டும். ஆகவே ஊரில் வேலை நிலைப்பது விவசாயிக்கும் நன்மையே.

செய்ய வேண்டியவை

1. இயந்திர நடவுக்கான பாய் நாற்றங்காலை ஊர்ப் பெண்கள் குழுவிடம் ஒப்படைக்கலாம். ஏக்கருக்கு ஒரு சென்ட் பரப்பு போதும். 15 முதல் 18 நாட்களில் நாற்று தயாராகிவிடும்.

2. இயந்திரம் வரும் நாளை உறுதி செய்துகொண்டு, அதற்குச் சில நாட்கள் முன்பு மண் ஈரத்தில் ஆடுதுறை 3 உளுந்தை ஏக்கருக்கு 10 கிலோ வீதம் விதைக்கவும். முளைத்து வளர்ந்த பயிரில் இயந்திரம் இறங்கினால் செடிகள் நசுங்கும். டயர் இயந்திரத்தைவிட பெல்ட் இயந்திரம் நல்லது. பங்குனியில் பெண்களுக்கு வேலையும் கிடைக்கும்.

3. வைக்கோலை எரிக்காமல் கட்டும் இயந்திரத்தால் கட்டி வைக்கவும். மாட்டுக்குத் தீவனமாகும், சிப்பிக்காளான் வளர்க்கவும் உதவும்.

இயந்திர வாடகையைக் கணக்குப் பார்க்கும்போது, அடுத்த களையெடுப்புக்கு ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையும் விவசாயிகள் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.