புன்னகை என்னும் போர்வை

அன்னை தெரேசாவை நினைத்தாலே நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையும், சுருக்கம் விழுந்த முகமும், அதில் மலரும் புன்னகையும் கண்முன் வரும். நோயாளியிடம் முகமலர்ச்சியோடு செல்லும்படி தம் சபைச் சகோதரியரையும் அவர் வற்புறுத்துவார். தோழியரே, அந்தப் புன்னகை எத்தகைய உள்ளத்தில் பிறந்தது தெரியுமா?

அன்னை 1997-இல் இறைவனடி சேர்ந்தார். தம் ஆன்ம குருக்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தன. அவற்றை அழித்துவிடுமாறு அவரே கேட்டிருந்தார். நல்லவேளை, குருக்கள் கேட்கவில்லை! கல்கத்தாவில் பணி தொடங்கிய நாள் முதலாக, 1958-இல் சில வாரங்கள் நீங்கலாக, செபத்தில் இறைவனின் அண்மையை அவரால் உணர முடியவில்லை. வேதனைகளை மூடும் பெரிய போர்வை என்றே தம் புன்னகையை அவர் குறிப்பிடுகிறார். கூடவே வாழ்ந்த சகோதரியருக்கும் இது தெரியாது.

அப்படியானால் அது போலிப் புன்னகையா? சிலர் அவ்வாறும் எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. போலியாகச் சிரிப்பவர் தமக்கு ஏதேனும் கிடைக்கச் சிரிக்கிறார். அன்னையோ தமக்குக் கிட்டாத ஆறுதலைச் சாகக் கிடந்தவர்களுக்குக் கொடுத்தார்.

ஆயினும் போர்வையில் ஓர் ஆபத்து உண்டு. சிரித்த முகத்தைப் பார்த்து, "உனக்கு என்ன குறை?" என்று யாரும் கேட்பதில்லை. அன்னைக்கும் மனம் திறக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1961-இல் ஜோசப் நொய்னர் என்ற இயேசு சபைக் குருவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த இருளும் அவருடைய பணியின் ஒரு பகுதியே என்று குரு விளக்கியது பெரும் ஆறுதலாயிற்று. இருள் அதன் பிறகும் விலகவில்லை. அதை நேசிக்கத் தொடங்கியதாக அன்னை எழுதினார்.