தும்பிக்கை இல்லாத பிள்ளையார்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்தன. விநாயகர் சதுர்த்திக்கு உன் வகுப்பில் பிடித்த களிமண் பிள்ளையார்கள் மணைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ரொம்ப அழகு. அந்த அழகுதான் என்னை உறுத்துகிறது. இரண்டு, இரண்டரை வயதுக் கைக்கு அப்படியொரு தும்பிக்கை வளையாதம்மா. அம்மாக்கள் செய்திருக்கிறார்கள், நீயும் ஒரு கை போட்டிருப்பாய். கடைசிப் படத்தில் மட்டும் ஓர் உருண்டைமேல் இன்னோர் உருண்டை, நடுவில் ஆழமாக ஒரு விரல் குழி. தும்பிக்கையே கிடையாது. 'இது மட்டும் சரியா வரலக்கா' என்று கீழே எழுதியிருக்கிறாய். அந்த ஒன்றுதான் பிள்ளை செய்தது.

நான் ஓவியம் படித்தவள் இல்லை. மழலையர் பள்ளியிலேயே காலம் ஓடிவிட்டது. நீ ஓவியக் கல்லூரியில் கையை வருஷக்கணக்காகப் பழக்கியவள். பழகின கைக்காரர்களுக்குத்தான், பழகாத கை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம். உன் தொழிலில் இனி நீ கற்க வேண்டியது பெரும்பாலும் அந்தச் சும்மா இருப்பதைத்தான். சித்தர்களே திண்டாடின விஷயம், உனக்கு ஒரு வருஷத்தில் கைவந்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு வயதுப் பிள்ளை கிரேயானை விரலால் பிடிக்காது, கை முழுக்கப் பொத்திப் பிடிக்கும். கோடு மணிக்கட்டிலிருந்து வராது, தோளிலிருந்து வரும். அதனால்தான் நீ கொடுக்கிற ஏ4 தாள் அதற்குப் போதாமல் கோடு தரைக்கும் சுவருக்கும் ஓடுகிறது. அது அடங்காத பிள்ளை இல்லை, தாள்தான் சின்னது. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தைத் தரையில் ஒட்டிக் கொடுத்துப் பார். தொடங்கின இடத்திலேயே வந்து சேருகிற வட்டம் மூன்று வயதை ஒட்டித்தான் வரும். தலையிலிருந்தே கால் முளைத்த மனுஷன் அதற்கும் பிறகு. சான்பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்கிற அம்மாள் லட்சக்கணக்கில் குழந்தைப் படங்களைச் சேர்த்துவைத்து, 1969இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். நாம் கிறுக்கல் என்று தள்ளுவதில் அடிப்படையாக இருபது வகை உண்டு என்று அவர் பிரித்துக் காட்டினார். உன் மகன் கிழித்துப்போடுகிறான் என்று அழுதிருக்கிறாயே, அந்தத் தாள்களைக் கிழிவதற்கு முன் ஒருதரம் வரிசையாக வைத்துப் பார். முன்னும் பின்னும் இழுத்த கோடு, சுழி, குத்திக் குத்தி வைத்த புள்ளி என்று உனக்கே பிரிபடும்.

அடுத்து நவராத்திரிக்கு என்ன தீம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். தீமே வேண்டாம் என்பேன். நம் பண்டிகைகளில் இரண்டு வயதுக்கான வேலை ஏற்கனவே இருக்கிறது. நாம்தான் அதைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்கு அட்டையும் மினுக்குத்தூளும் கொடுக்கிறோம்.

கோகுலாஷ்டமிக்குக் கால் போடுவதையே எடுத்துக்கொள். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்துத் தளரக் கரைத்த மாவு. கையை முஷ்டியாக மூடி, சுண்டுவிரல் பக்கத்து விளிம்பை மாவில் தோய்த்துத் தரையில் ஓர் அழுத்து அழுத்தினால் பாதம் வந்துவிடும். மேலே விரல் நுனியால் பொட்டு வைத்தால் கால்விரல்கள். அடுத்த காலுக்கு அடுத்த கை. முஷ்டியை மூடவும் அழுத்தவும் பொட்டு வைக்கவும் இரண்டு வயதுக்குத் தெரியும். பொட்டு ஐந்தோடு நிற்காது, எட்டு பத்து விரல் முளைக்கும். கண்ணன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இதைவிட அந்த வயதுக்குப் பொருந்தின கைவேலை எந்தக் கடை டப்பாவிலும் வராது. ஆனால் வீடுகளில் நடப்பதென்ன? பெரியவர்கள் கால் போட்டு முடிக்கும்வரை பிள்ளைக்குப் போனைக் காட்டி மூலையில் உட்காரவைக்கிறார்கள். மாவு காய்ந்த பிறகு, அச்சடித்த மயிலிறகுக்குக் கோடு தாண்டாமல் கலர் அடிக்கச் சொல்கிறார்கள்.

இந்த மாதிரி வருஷம் முழுக்க உண்டு. மார்கழியில் சாணி உருண்டையில் பரங்கிப்பூவைக் குத்துவது. ஆயுத பூஜைக்குத் தன் மூன்று சக்கர சைக்கிளை ஈரத் துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பது. சைக்கிளைவிடத் தன் வயிற்றில்தான் பிள்ளை அதிகம் பூசிக்கொள்ளும், பரவாயில்லை.

கொலு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் பத்து நாளும் 'தொடாதே' என்கிற ஒரே சொல்லில் ஓடிவிடும். சிவப்பும் தங்கமுமாகப் படி நிறையப் பொம்மையை அடுக்கி, பிள்ளையின் கண்மட்டத்தில் நிறுத்திவிட்டுத் தொடாதே என்றால், நானாக இருந்தாலும் தொடுவேன். அடிப்படியை உன் மகனுக்கே எழுதிக் கொடுத்துவிடு. விளாச்சேரி, பண்ருட்டிப் பக்கத்து மண் பொம்மைகளை மேல்படிகளுக்கு ஏற்று. விழுந்தால் போச்சு. காகிதக்கூழ் பொம்மை எடை குறைவு, கீழே விழுந்தாலும் ஓரளவு தாங்கும். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் பார்த்து வாங்கலாம். அடிப்படிக்குக் கைக்கடக்கமான மரச் சாமான், துணி பொம்மை, முடிந்தால் தள்ளினால் சாய்ந்து சாய்ந்து மறுபடி எழுகிற தஞ்சாவூர் பொம்மை. அந்த ஒன்றை வைத்தே அரைமணி போகும். அதன் அடிப்பாகம் வளைந்து கனமாக இருப்பதால்தான் எழுகிறது என்று நீ விளக்கப் புறப்படாதே. தள்ளித் தள்ளி, தலைகீழாகப் பிடித்து, படுக்கவைத்துப் போர்வை போர்த்தி அவனே துப்புத் துலக்குவான். மரச் சொப்பும் அப்படியே. வாங்கும்போது வாய்க்குள் அடங்குகிற அளவில் உள்ள சின்னக் கரண்டி, மூடிகளை மட்டும் எடுத்துப் பரணில் போடு. தினமும் அவன் படியின் வரிசை மாறும். பசுமாடு தலைகீழாகப் படுத்திருக்கும், அதன்மேல் அவன் கார் நிற்கும். வெற்றிலை பாக்கு வாங்க வருகிற மாமிகள் ஏதாவது சொல்வார்கள். 'அது அவன் கொலு மாமி' என்று சொல்லிவிட்டுச் சுண்டலைக் கொடு.

சுண்டல் என்றதும் நினைவு வருகிறது. கொண்டைக்கடலையை எண்ணிப் போடுகிற விளையாட்டை இந்த வயதுக்கு வைக்காதே. காய்ந்த கடலை மூக்கில் போனால் ஈரத்தில் ஊதிப் பெருத்துவிடும், பிறகு டாக்டர்தான் எடுக்க வேண்டும். பல்லாங்குழிச் சோழியும் மஞ்சாடியும் மூன்று வயது தாண்டின பிறகு. இதைவிட முக்கியம் குன்றிமணி. உன் படத்தில் எல்லாப் பிள்ளையாருக்கும் சிவப்பும் கறுப்புமாக அதைத்தான் கண்ணாக வைத்திருக்கிறாய். சம்பிரதாயம்தான், ஆனால் அதற்குள் இருக்கிற அப்ரின் கடுமையான விஷம். முழுசாக விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றலாம், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. தவழ்கிற, நடை பழகுகிற பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் அது வரவே கூடாது. கண்ணுக்கு விளக்குமாற்றுக் குச்சியால் இரண்டு குத்து போதும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கைப்பதிவு எடுக்கிற யோசனையையும் விடு. அது இறுகும்போது சூடேறும், பிஞ்சுக் கை பொசுங்கலாம். பேட்டரி அகல் விளக்குகளில் பட்டன் பேட்டரி இருக்கிறதல்லவா, திருகாணி போட்டு மூடாத மாதிரி இருந்தால் வாங்காதே. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக்கூடியது அது. பயமுறுத்த எழுதவில்லை. உன்னை நம்பி ஊரார் பிள்ளைகளை அனுப்புகிறார்கள், இதெல்லாம் உனக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பிசைகிற மாவுக்கு உப்பு நிறையப் போட்டால் கெடாது என்பார்கள். இந்த வயதில் பாதி மாவு வாய்க்குத்தான் போகும். அத்தனை உப்பு ஆகாது. சப்பாத்தி மாவாகவே பிசைந்து, நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சளோ பீட்ரூட் சாறோ விட்டு, அன்றன்றைக்குத் தூக்கிப் போட்டுவிடு.

சான்றிதழ் விஷயம். 'சிறந்த குட்டிக் கலைஞர்' என்று அச்சடித்துக் கொடுக்கப் போகிறேன் என்கிறாய். 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் தாமாகவே ஆசை உள்ள பிள்ளைகள். மூன்றிலிருந்து ஐந்து வயது. ஒரு கூட்டத்திடம் 'வரைந்தால் பரிசுப் பத்திரம் உண்டு' என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா மேஜைமேல் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பத்திரத்துக்காக வரைந்தவர்கள், மற்றவர்கள் செலவழித்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் பேனாவோடு செலவழித்தார்கள். ஆசையாகச் செய்த காரியம் கூலி வேலையாகிவிட்டது. உன் பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள், பத்திரம் யாருக்கு என்றே அவர்களுக்குத் தெரியாது. அது அம்மாக்களுக்கு. அம்மாக்களுக்கு வேறேதாவது கொடு, ஒரு காப்பி கொடு. வகுப்பு நடக்கும்போது போட்டோவும் வேண்டாமென்று சொல்லிப் பார். போட்டோவில் காட்ட வேண்டாம் என்றால் அந்தத் தும்பிக்கைகளில் பாதியை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள்.

வகுப்பு முக்கால் மணி நேரம் என்று போட்டிருக்கிறாய். இருபது நிமிஷம் வேலை, மிச்சம் கை கழுவுவது என்று வைத்துக்கொள். கிண்டல் செய்யவில்லை. தண்ணீர், சோப்பு நுரை, துண்டில் துடைப்பது, துண்டைக் கொடியில் போடப் பார்ப்பது, எல்லாம் சேர்ந்துதான் வகுப்பு. பல பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பிடித்ததே அதுதானாக இருக்கும்.

'இவனை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை, தூரிகையைத் தொட்டு மாசமாகிறது' என்ற வரியைத்தான் இரண்டுதரம் படித்தேன். மகன் தூங்குகிற நேரம் உன்னுடையது. அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்காதே, வரை. பாத்திரம், துணி, கீரை எல்லாம் அவன் விழித்திருக்கும்போது. முருங்கைக்கீரையை ஆய உட்காரும்போது அவனுக்கும் ஒரு கொத்து கொடு. காம்பை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இலையைக் கிள்ளி உருவ வேண்டும். பென்சில் பிடிக்கப் போகிற விரல்கள் அவைதான். பத்து இலை முறத்தில் விழும், இருபது தரையில் விழும். 1939இல் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் காட்டிய வழியில் நடக்கிற பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிற வேலைகள் தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, மடிப்பது. அதற்கு மாசாமாசம் பீஸ் கட்டுகிறார்கள். உன் வீட்டில் முறமும் கீரையும் இலவசமாக இருக்கிறது. வேலை இரட்டிப்பு நேரம் எடுக்கும் என்பது நிஜம், அதை மறைத்துச் சொல்லமாட்டேன். உன் வீட்டுக்காரரும் அந்த முறத்துக்குப் பக்கத்தில் உட்காரலாம், ஒரு சட்டமும் தடுக்கவில்லை.

விஜயதசமிக்குக் கூத்தனூர் சரஸ்வதி கோவிலுக்கு அழைத்துப்போய் மகனுக்கு எழுத்தறிவிக்கப் போகிறாயாம். நல்லது, போய் வாருங்கள். அங்கே நெல்லைப் பரப்பி அவன் விரலைப் பிடித்து எழுதவைப்பீர்கள். அது சடங்கு, அன்றைக்கு விரலைப் பிடிக்கத்தான் வேண்டும். மறுநாள் வீட்டில் தட்டில் ரவையைப் பரப்பி வைத்துவிட்டு நீ கையைக் கட்டிக்கொள். 'அ' வராது. சுழிப்பான், அழிப்பான், ஒரு பிடி வாயில் போடுவான். அக்கம்பக்கத்துப் பிள்ளை ஏபிசிடி எழுதுகிறது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள், அதற்குமேல் ஒன்றும் செய்யாதே.

கார்த்திகைக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன், கடைசி நேரத்தில் கேட்பாய். புது மண் அகலை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்போம் அல்லவா, இல்லாவிட்டால் எண்ணெயைக் குடித்துவிடும். அந்த ஊறப்போடுகிற வேலையைப் பிள்ளைகளுக்கு விடு. வாளி வேண்டாம், வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் இந்த வயதில் எழத் தெரியாது. அகலமான தாம்பாளத்தில் அகல் முழுகுகிற அளவு தண்ணீர் போதும், நீயும் இடத்தை விட்டு நகராதே. ஒவ்வொன்றாகப் போடச் சொல். காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கும்போது சரம்சரமாகக் குமிழி விடும், காதை வைத்தால் மெல்லிய இரைச்சல்கூடக் கேட்கும். எடுத்துவிட்டு மறுபடி போட்டால் முன்போல் குமிழி வராது. ஏன் என்று அந்த முகங்களில் தெரிகிற குழப்பத்துக்கு நீ பதில் சொல்லாதே, காய்ந்த அகல் இன்னொன்றை எடுத்துக் கையில் கொடு. சில உடையும், டஜன் கூடுதலாக வாங்கிவை. திரியும் நெருப்பும் பெரியவர்கள் பாடு.

இதற்கெல்லாம் காசு வாங்குவதா என்று கூச்சப்படாதே, வாங்கு. உன் நேரத்துக்கும் துடைக்கப்போகிற தரைக்கும் சேர்த்தே வாங்கு. பெரிய தாம்பாளம் இல்லையென்றால் எழுது. என்னிடம் பித்தளையில் இரண்டு சும்மா கிடக்கிறது, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா