கணினிப் பாடம்: ஒரு சொடுக்கும் ஒரு மறதியும்

ஒரே சர்வரில் பல கணினிகளைக் குடித்தனம் வைப்பதுதான் மெய்நிகராக்கம். வீஎம்வேர் வீஸ்பியரில் இவற்றை நிர்வகிக்க முன்பு விண்டோஸில் தனி மென்பொருள் வேண்டும். 2016-இல் வந்த 6.5 பதிப்போடு அது நின்றது. ஃபிளாஷ் தேவைப்பட்ட வலைத்திரையும் 2020-இல் வந்த 7.0 பதிப்பில் நீங்கியது. பிறகு எச்.டி.எம்.எல்.5 திரைதான், சாதாரண உலாவியே போதும்.

வசதி கூடினால் கவனம் குறைகிறது. ஒரு கணினியைப் புதுப்பிக்குமுன் உலாவியிலேயே 'ஸ்னாப்ஷாட்' எடுத்தேன். வேலை முடிந்தும் நீக்க மறந்தேன். அதன்பின் நடக்கும் மாற்றமெல்லாம் தனிக் கோப்பில் சேரும். அது வளர்ந்து, இடம் நிரம்பி, ஒருநாள் காலை பல கணினிகள் நின்றுவிட்டன.

ஸ்னாப்ஷாட் காப்பு நகல் ஆகாது. மூல வட்டு போனால் அதுவும் போகும். வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். காப்பு நகலை வேறிடத்தில் வையுங்கள். இத்துறைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு என் முதல் பாடம் இதுவே.