முதலில் பெயரைக் கொடுங்கள்

அன்புள்ள வாசகிக்கு,

ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் ஊரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கணவர் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விடுகிறார்; உங்கள் எச்-4 விசாவில் இப்போதைக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்க வழியில்லை; எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் கையசைத்துச் சிரிக்கிறார்கள், ஆனால் அதற்குமேல் எதுவும் நடப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "இந்த ஊரில் எனக்கு என்ன இடம்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அமெரிக்கச் சிற்றூர்களில் இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பத்திரிகை வழியாகவே பதில் எழுதுகிறேன்.

யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏதாவது ஒரு பொதுவேலைக்கு நீங்களே போய்ப் பெயரைக் கொடுங்கள். கிராமப்புறக் கவுண்டியில் ஆள் பற்றாத வேலைகள் எப்போதும் இருக்கும். அந்த வேலைகளின் வழியாகத்தான் அங்கே ஒருவர் ஊர்க்காரர் ஆகிறார்.

கவுண்டி என்றதும் நம் மாவட்டத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும் தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள்; ஒரு கோடியைச் சற்றே தாண்டிய ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள். உங்கள் சம்டர் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 30 ஆயிரம்தான். இத்தனை சிறிய இடத்தில் வரிப்பணம் எல்லாவற்றுக்கும் எட்டாது. எட்டாத இடத்தை அக்கம்பக்கத்தார் நிரப்புகிறார்கள்.

தீயணைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் நூற்றுக்கு 65 பேர் தன்னார்வலர்கள். சுமார் 6 லட்சத்து 77 ஆயிரம் பேர். பெருநகரங்களில் சம்பளப் படை உண்டு. சிற்றூர்களில் அழைப்பு வந்ததும் ஓடுகிறவர் விவசாயியாக இருப்பார், பள்ளி ஆசிரியராக இருப்பார், பழுதுபார்ப்புக் கடைக்காரராக இருப்பார். 1984இல் இந்தத் தன்னார்வலர்கள் 9 லட்சத்தை நெருங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அழைப்புகள் மூன்று மடங்காகியிருக்கின்றன, வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இளைஞர்கள் நகரத்துக்குப் போகிறார்கள், இருப்பவர்களுக்கு வயதாகிறது. ஆகவே உங்களைப் போன்ற ஒருவர் வந்து நிற்பது அவர்களுக்கு உண்மையான உதவி. நீங்கள் குழாயைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. நிதி திரட்ட நடத்தும் பான்கேக் காலை உணவுக்கும், கோழி வறுவல் விருந்துக்கும், கணக்கு எழுதவும் ஆள் தேவைப்படுகிறது.

நீங்கள் இருக்கும் மண்ணின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கஸுக்குப் பக்கத்தில் 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற பாப்டிஸ்ட் போதகரும் அவர் தோழர்களும் கொய்னோனியா என்ற பண்ணையைத் தொடங்கினார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உழைத்து ஒரே மேசையில் சாப்பிட்ட பண்ணை அது. 1950களில் அதற்கு ஊரே எதிராக நின்றது. விளைபொருளை வாங்க மறுத்தார்கள், விதையும் உரமும் விற்க மறுத்தார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள், சாலையோரக் கடைக்கு வெடி வைத்தார்கள். பண்ணையில் இருந்தவர்கள் பீக்கன் கொட்டைகளைத் தபாலில் வெளியூர்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். அந்தப் பண்ணையில்தான் 1968இல், ஏழைகளுக்கு வட்டியில்லாக் கடனில் வீடு கட்டித் தரும் எண்ணம் முளைத்தது. அங்கே வந்து சேர்ந்த மில்லர்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் அதை வளர்த்து, 1976இல் ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி என்ற அமைப்பாக்கினார்கள். வீடு பெறுகிறவர் தன் வீட்டுக்காகவும் மற்றவர் வீட்டுக்காகவும் தானே உழைக்க வேண்டும். தன்னார்வலர்கள் கூடவே நின்று சுத்தியல் பிடிப்பார்கள். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் இந்த ஏற்பாடு உங்கள் ஊரில் பிறந்தது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. "நம் நிறத்தைப் பார்த்து ஒதுக்குவார்களோ" என்று உங்கள் கடிதத்தில் ஓர் அச்சம் தெரிகிறது. அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கூட்டாக வேலை செய்யும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்ற கொடுமையும் கூடவே இருந்தது. கிராமச் சிறுவர்களுக்கான 4-எச் மன்றங்கள்கூடத் தென்மாநிலங்களில் 1960கள் வரை கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி. அந்தச் சுவர் தானாக விழவில்லை. அடிபட்டாலும் சேர்ந்தே உழைப்போம் என்று நின்றவர்கள் அதைத் தள்ளினார்கள். நீங்கள் போய்ச் சேரும்போது அவர்கள் தொடங்கியதைத்தான் தொடர்கிறீர்கள்.

இனி நீங்கள் தட்டக்கூடிய கதவுகளைச் சொல்கிறேன்.

முதல் கதவு, கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகம். 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டத்தின்படி, பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவைக் கவுண்டிகளுக்குக் கொண்டுபோக ஏற்பட்ட அலுவலகம் இது. ஜார்ஜியாப் பல்கலைக்கழகம் இதை நடத்துகிறது. மண் பரிசோதனை, பூச்சி நோய், பழம் பதப்படுத்தல் என்று எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். நான் மேலே சொன்ன 4-எச் மன்றமும் இதன் கீழ்தான் வருகிறது. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துதான் அந்த 'எச்'. ஜார்ஜியாவில் 4-எச் பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்தெடுத்து, படித்து, நடுவர்கள் முன்னால் விளக்கிப் பேசும் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. பிள்ளைகளைப் பயிற்றுவிக்கவும் நடுவராக உட்காரவும் பெரியவர்கள் வேண்டும். பின்னணிச் சோதனை ஒன்று செய்வார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எல்லாருக்கும் செய்வதுதான், தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் அறிவியல் பட்டதாரி என்கிறீர்கள். வேறென்ன வேண்டும்?

இரண்டாவது, திருவிழாக்கள். செப்டம்பர் கடைசியில் பக்கத்து பிளெய்ன்ஸ் ஊரில் நிலக்கடலைத் திருவிழா நடக்கிறது. நிலக்கடலை விளையும் செம்மண்ணைப் பார்த்தால் உங்களுக்கு நம்மூர் நினைவு வரும். இத்தகைய விழாக்களில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நிறையப் பேர். வண்டிகளை ஒழுங்குபடுத்த, ஓட்டப்பந்தயத்தில் தண்ணீர் கொடுக்க, முடிந்ததும் குப்பை அள்ள வருகிறவர்கள் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவராகிவிடுங்கள். கூட்டம் கலைந்த பிறகு நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போதுதான் ஒருவரையொருவர் பெயர் சொல்லிப் பேசத் தொடங்குவார்கள்.

மூன்றாவது, தனியே வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. நாடு முழுவதும் 'மீல்ஸ் ஆன் வீல்ஸ்' என்ற பெயரில் தெரிந்த சேவை இது. 1954இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. கவுண்டிகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மைல் கணக்கில் வயல் கிடக்கும். அன்று முழுவதும் அந்தப் பாட்டி பார்க்கும் மனித முகம் உங்களுடையது மட்டுமாகக்கூட இருக்கலாம். கதவு திறக்கத் தாமதமானால், பேச்சு குழறினால், நேற்றைய பொட்டலம் பிரிக்காமல் கிடந்தால் உடனே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். சாப்பாட்டைப் போலவே இந்தக் கவனமும் ஓர் உயிரைக் காக்கும்.

கார் ஓட்ட இன்னும் பழகவில்லை என்கிறீர்கள். அதற்கும் ஒரு வேலை உண்டு. 1997இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் பெய்த பேய்மழை, ஒரு மூலையில் கொட்டித் தீர்த்து, சில மைல் தள்ளிக் குறைவாகவே பெய்தது. நகரில் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. இருந்த மழைமானிகள் அந்த வேறுபாட்டைக் காட்டப் போதவில்லை. மறு ஆண்டு அங்கே தொடங்கிய கோகோராஸ் என்ற வலையமைப்பு, பொதுமக்களே வீட்டுத் தோட்டத்தில் நான்கு அங்குல மழைமானி வைத்து, தினமும் காலை ஏழு மணிவாக்கில் அளந்து அனுப்பும் ஏற்பாடு. இன்று எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. மழையே இல்லாத நாளில் 'சுழியம்' என்று அனுப்புவதும் வறட்சியைக் கணிக்க உதவுகிறது. வானிலைத் துறையும் இந்த அளவுகளைப் பயன்படுத்துகிறது. உங்கள் கவுண்டி நிலக்கடலை விவசாயிக்கு உங்கள் கொல்லைப்புற அளவு பயன்படும்.

விசா பற்றி ஓர் எச்சரிக்கை. சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை இலவசமாகச் செய்து கொடுப்பது சேவையாகாது, சட்டச் சிக்கலாகும். லாப நோக்கமில்லாத அமைப்பில், வழக்கமாகவே தன்னார்வலர்கள் செய்யும் வேலையை மட்டும், எந்தக் கைம்மாறும் பெறாமல் செய்யுங்கள். ஐயம் வந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

எங்கே விசாரிப்பது? நூலக அறிவிப்புப் பலகை, உள்ளூர்ச் செய்தித்தாள், தேவாலய வாசல் பலகை, தீவனக் கடைச் சுவர். அங்கே ஒட்டியிருக்கும் தாள்களைப் படித்தால் ஊர் முழுவதும் புரிந்துவிடும். ஆனால் பத்து இடங்களில் பெயரெழுதிவிட்டு ஒன்றுக்கும் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஒரே வேலை, வாரத்தில் ஒரே நாள், தவறாமல். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிற்றூர்களில் ஒருவரின் மதிப்பு அவர் மறுபடி வருகிறாரா என்பதில் இருக்கிறது.

உங்கள் கவுண்டியைச் சேர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பிளெய்ன்ஸில் செவிலியராக இருந்த லில்லியன் கார்ட்டர், பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாய். தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பீஸ் கோர் அமைப்பில் சேர வயது தடையில்லை என்ற விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து, 1966இல், தன் 68ஆவது வயதில் பெயரைக் கொடுத்தார். மும்பையின் விக்ரோலிக்கு அனுப்பினார்கள். மொழி புதிது, சாப்பாடு புதிது, வெயில் புதிது. அங்கிருந்த மருத்துவமனையில் நம் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பணிவிடை செய்தார். அவரை அந்த ஊரிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

அவர் வந்த வழியில் எதிர்த்திசையில் நீங்கள் போயிருக்கிறீர்கள். உங்களுக்கு வயது குறைவு, ஆங்கிலமும் வரும். அடுத்த வாரம் எக்ஸ்டென்ஷன் அலுவலகத்துக்குப் போய், "நான் இந்த ஊருக்குப் புதிது, என்னால் ஆகும் வேலை ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கும். கட்டாயம் இருக்கும்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் கட்டுரையாளர்