அரண்மனையை வெளியே நின்று பார்க்கவா?

கேள்வி: கோலகங்சாரில் சுல்தானின் அரண்மனைக்குள் விடமாட்டார்கள். பிறகு எதற்குப் போக வேண்டும்?
– வாசகர், ஜெலாப்பாங்

பதில்: இஸ்தானா இஸ்கந்தரியாவைக் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே இஸ்தானா கெனாங்கான் இருக்கிறதே! பெரிய அரண்மனை 1933இல் எழும்வரை சுல்தான் தங்குவதற்காக 1926இல் கட்டிய மரமாளிகை அது. இரும்பு ஆணியே இல்லாமல் மரத்தோடு மரம் கவ்வி நிற்கிறது. சுவரெல்லாம் பின்னிய மூங்கில். மஞ்சள், கறுப்பு, வெள்ளையில் சாய்சதுரக் கோலம். தற்காலிகக் கட்டடம்தானே என்று சிலர் ஒதுக்குவார்கள். ஆனால் காசிருந்தால் பளிங்கு எங்கிருந்தும் வரும். இந்த வேலைக்கு மலாய்த் தச்சரின் கை வேண்டும். பேராக்கின் அரச மரபு அதில்தான் கண்ணெதிரே தெரிகிறது, பூட்டிய கேட்டுக்குப் பின்னால் அல்ல. அருகிலுள்ள உபுடியா பள்ளிவாசலையும் விடாதீர்கள். 1917இல் முடிந்த அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஹப்பாக்தான் நம் ஈப்போ ரயில் நிலையத்தையும் வடிவமைத்தவர்.